அட்ரினல் கட்டிகள்: அளவைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை

இன்பா (நாளமில்லாச் சுரப்பி மருத்துவம்)

சிறுநீரகக் கல்லுக்கோ வயிற்று வலிக்கோ எடுத்த சி.டி.யில், "இடது அட்ரினலில் 2.4 செ.மீ. முடிச்சு" என்று ஒரு வரி தேடிப் போகாமலே வந்து நிற்கும். அட்ரினல் என்பது சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் ஹார்மோன் சுரப்பி. நடுவயதைத் தாண்டியவர்களின் வயிற்று சி.டி.க்களில் நூற்றுக்கு நான்கைந்தில் இப்படி ஒன்று தெரியும்; 70 வயதுக்கு மேல் இன்னும் கூடுதல். அபூர்வமான விஷயம் இல்லை. ஆனாலும் இந்த வரியைக் கையாளும் விதத்தில் நிறையக் குளறுபடி நடக்கிறது. "சின்னதுதானே" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள், இல்லையென்றால் "ஒரு ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். இரண்டுமே தப்பு. அதனால்தான் இந்த இழை.

ஒவ்வொரு அட்ரினலும் 4–5 கிராம்தான் இருக்கும். வெளிப்பகுதியான புறணியில் மூன்று அடுக்குகள்: மேலடுக்கு அல்டோஸ்டீரோன் (உப்பைத் தேக்கி பிபியை ஏற்றும் ஹார்மோன்), நடு அடுக்கு கார்டிசால், உள்ளடுக்கு ஆண் ஹார்மோன்களின் முன்வடிவங்கள். நடுவே உள்ள அகணியில் அட்ரினலினும் நார்அட்ரினலினும். கட்டி எந்த அடுக்கிலிருந்து கிளம்பியதோ அந்த அடுக்கின் வேலையை அளவுக்கு மீறிச் செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்.

1 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருக்கும் எந்தக் கட்டிக்கும் கேள்வி இரண்டு. இது ஹார்மோன் சுரக்கிறதா? இது புற்றாக இருக்க வாய்ப்பு உண்டா? இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. 1.2 செ.மீ. அடினோமா (புறணியில் எழும் தீங்கற்ற கட்டி) புற்றாவதில்லை, ஆனால் அதே கட்டி பல வருடம் பிபியை ஏற்றி இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுத்திருக்கும். அளவு என்பது இரண்டாவது கேள்விக்கு மட்டும், அதுவும் பாதி பதில்தான்.

படத்திலிருந்து தொடங்குவோம். கதிர் சார், நீங்களே ஆரம்பியுங்கள்.

கதிர்வேல் (ரேடியாலஜி)

சொல்கிறேன். முதலில் வேண்டியது கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றாத சி.டி. இதை அழுத்திச் சொல்லக் காரணம், பெரும்பாலான முடிச்சுகள் கான்ட்ராஸ்ட் ஏற்றிய ஸ்கேனில்தான் தற்செயலாகக் கண்ணில் படுகின்றன. அதில் 60 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சி.டி.யின் அடர்த்தி எண்) என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. அநேகமாக எல்லா அட்ரினல் கட்டியும் மருந்தை வாங்கிக்கொண்டு வெளுக்கும். அந்த எண்ணை வைத்து "அடர்த்தி அதிகம், புற்றாக இருக்கலாம்" என்று யாராவது எழுதியிருந்தால் அதைத் தூக்கி வைத்துவிட்டு, மருந்தில்லாமல் ஒரு தடவை எடுங்கள்.

ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில் தண்ணீர் 0, கொழுப்பு சுமார் மைனஸ் 100. அடினோமா செல்களுக்குள் கொழுப்புத் துளிகள் நிறைய இருப்பதால் அதன் எண் கீழே விழும். முடிச்சு முழுக்க ஒரே சீராக இருந்து, எண் 10 அல்லது அதற்குக் கீழே என்றால் அது புற்றல்லாத கட்டி. அளவு 3 செ.மீ. என்றாலும் 5 செ.மீ. என்றாலும் அதே பதில். ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் 2023 வழிகாட்டுதல் இதை நேராகவே சொல்கிறது: மேற்கொண்டு படம் எதுவும் தேவையில்லை.

எண்ணை அளப்பதில்தான் தவறு நேர்கிறது. அளவு வட்டம் முடிச்சின் பரப்பில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு வரை அடைக்க வேண்டும். விளிம்பைத் தொடக் கூடாது. விளிம்பைத் தொட்டால் பக்கத்துக் கொழுப்பு கலந்து எண் பொய்யாகக் குறைந்துவிடும், புற்றைக்கூட அடினோமா என்று காட்டும். தடித்த வெட்டுகளிலும் இதே சிக்கல், 3 மி.மீ. அல்லது அதைவிட மெல்லியதில் பாருங்கள். சுண்ணாம்புப் படிவு, ரத்தக் கசிவு உள்ள இடத்தை வட்டத்துக்குள் சேர்த்தால் எண் ஏறிவிடும்.

மைலோலிப்போமா தனி ரகம். அதில் கண்ணுக்கே தெரியும் கொழுப்புத் திட்டு இருக்கும், எண் மைனஸ் 30-க்கும் கீழே போகும். பார்த்த உடனே அடையாளம் தெரியும், பயமும் இல்லை. மிகப் பெரிதாகி வலித்தாலோ ரத்தம் கசிந்தாலோ மட்டும் அறுவை.

அருள் (பொது மருத்துவம்)

கதிர் சார், 10-க்கு மேல் வந்தால்? அடினோமாவிலும் கொழுப்புக் குறைந்தவை உண்டே.

கதிர்வேல்

உண்டு, ஏறக்குறைய மூன்றில் ஒன்று அப்படித்தான். அதனால் 10-க்கு மேல் என்றால் புற்று என்று அர்த்தமில்லை, இன்னும் தெரியவில்லை என்றுதான் அர்த்தம். 11-இலிருந்து 20-க்குள், சீராக, 4 செ.மீ.க்குக் கீழே என்றால் உடனே இன்னொரு வகைப் படம் எடுக்கலாம். அல்லது 12 மாதம் கழித்து மருந்தில்லா சி.டி.யையே திரும்ப எடுத்துப் பார்க்கலாம். எண் 20-க்கு மேல் போயோ, உள்ளே திட்டுத் திட்டாக இருந்தோ, கூடவே 4 செ.மீ.யையும் தாண்டினால், அறுவையைப் பற்றிப் பேச வேண்டிய இடம்.

இரண்டாவது ஸ்கேனில் எதை வளர்ச்சி என்று சொல்வது? அதிகபட்ச விட்டம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்க வேண்டும், கூடவே குறைந்தது 5 மி.மீ. கூடியிருக்கவும் வேண்டும். 2 மி.மீ. வித்தியாசம் இரண்டு பேர் அளந்தாலே வந்துவிடும்.

அருள்

ஏற்றிய மருந்து எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்க்கும் வாஷ் அவுட் சி.டி.யைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. மருந்தில்லாமல் 22, மருந்து ஏற்றி ஒரு நிமிடத்தில் 102, 15 நிமிடத்தில் 50 என்று ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அடினோமா என்று மூடிவிடலாமா?

கதிர்வேல்

கணக்கு இப்படி. ஏறிய எண்ணிலிருந்து 15 நிமிட எண்ணைக் கழித்தால் 52. ஏறிய எண்ணிலிருந்து மருந்தில்லா எண்ணைக் கழித்தால் 80. 52-ஐ 80-ஆல் வகுத்தால் 65 சதவீதம். 60-க்கு மேல் என்பதால் அடினோமா பக்கம். மருந்தில்லாப் படம் இல்லாதபோது 52-ஐ 102-ஆல் வகுப்போம்; 51 சதவீதம், அதற்கு வரம்பு 40.

ஆனால் இதை வைத்து மூட மாட்டேன். பியோகுரோமோசைட்டோமாவும் (அகணியில் எழும், அட்ரினலின் வகைகளைச் சுரக்கும் கட்டி) வேகமாக மருந்தை வெளியேற்றலாம். சிறுநீரகப் புற்றிலிருந்தும் கல்லீரல் புற்றிலிருந்தும் பரவியவையும் அப்படிக் காட்டும். 2023 வழிகாட்டுதலே இந்தச் சோதனைக்கான ஆதாரம் மெலிது என்கிறது. எனக்கு அது துணைச் சான்று, தீர்ப்பு அல்ல.

இன்பா

ஒரு சின்ன மறுப்பு. ஹார்மோன் முடிவுகள் எல்லாம் இயல்பாக வந்து, உடலில் வேறெங்கும் புற்று இல்லாதவருக்கு, 18 எண் உள்ள 2 செ.மீ. முடிச்சில் வாஷ் அவுட் 70 சதவீதம் என்றால் அது நிம்மதி தருகிற தகவல்தான். புற்று வரலாறு உள்ளவருக்கு அதே 70-ஐ நம்ப மாட்டேன். எண் ஒன்றுதான், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆள் வேறு.

கதிர்வேல்

ஒப்புக்கொள்கிறேன். கெமிக்கல் ஷிஃப்ட் எம்.ஆர்.ஐ. பற்றியும் ஒரு வரி: செல்லுக்குள் கொழுப்பு இருந்தால் எதிர்க்கட்டப் படத்தில் முடிச்சு கறுக்கும். கர்ப்பிணிகளுக்கும் இளம் வயதினருக்கும் கதிர்வீச்சைத் தவிர்க்க அது நல்ல வழி. 30-க்கு மேல் எண் உள்ள கட்டியில் அதனால் பெரிய பயன் கிடையாது.

பூங்குழலி (செவிலியர்)

ஊசி போட்டுச் சதை எடுப்பது ஏன் தப்பு என்று விளக்கமாகச் சொல்லுங்கள் டாக்டர். வார்டில் அடிக்கடி இந்தக் கேள்வி வருகிறது.

நெடுமாறன் (நோய்க்கூறியல்)

இதற்கு நான் பதில் சொல்கிறேன் சகோதரி. மெல்லிய ஊசியில் வரும் செல்களை வைத்து அட்ரினல் அடினோமாவையும் அட்ரினல் புறணிப் புற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிரித்துச் சொல்ல வைஸ் மதிப்பெண் வேண்டும்: செல் பிரிவின் வேகம், இயல்பற்ற பிரிவுகள், செத்த திசு, உறைக்குள்ளும் ரத்தக் குழாய்க்குள்ளும் ஊடுருவல் என்று ஒன்பது அம்சங்கள். மூன்றும் அதற்கு மேலும் இருந்தால் புற்று. இதற்கு முழுக் கட்டியும் மேசையில் இருக்க வேண்டும். அதாவது ஊசி, கேட்ட கேள்விக்கே பதில் தராது.

அடுத்தது, கட்டி உண்மையிலேயே புறணிப் புற்றாக இருந்தால் ஊசி அதன் உறையைக் கிழித்து, ஊசித் தடத்தில் செல்களைச் சிந்திவிடும். பியோகுரோமோசைட்டோமாவாக இருந்தால் குத்திய நிமிடமே பிபி தாறுமாறாக ஏறும், உயிரே போகலாம்.

ஊசி பொருத்தமான இடம் ஒன்று உண்டு. நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் அல்லது மெலனோமா புற்று ஏற்கெனவே இருக்கிறது. அது அட்ரினலுக்குப் பரவியதா என்று தெரிந்தால் சிகிச்சை மாறும். வேறு வழியில் தெரிந்துகொள்ள முடியவில்லை. அப்போதும் மெட்டநெஃப்ரின் (அட்ரினலின் வகைகளின் சிதைவுப் பொருள்) இயல்பு என்று கையில் ரிசல்ட் வந்த பிறகுதான். லிம்ஃபோமா, காசநோய் போன்ற தொற்று என்று சந்தேகிக்கும்போதும் இதே நிபந்தனை.

யாழினி (உயிர்வேதியியல் ஆய்வகம்)

மெட்டநெஃப்ரின் என்ற பேச்சு வந்ததால் ரத்தம் எடுப்பதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பாதிப் பொய் முடிவுகள் ஆய்வகத்துக்குள் வருவதற்கு முன்பே உண்டாகிவிடுகின்றன.

பிளாஸ்மா மெட்டநெஃப்ரினுக்கு 20–30 நிமிடம் மல்லாந்து படுத்திருந்து, படுத்தபடியே ரத்தம் எடுக்க வேண்டும். உட்கார்ந்து எடுத்தால் நார்மெட்டநெஃப்ரின் ஏறிவிடும்; படுத்த நிலைக்கான வரம்போடு அதை ஒப்பிட்டால் கட்டி இல்லாதவருக்கும் "உயர்வு" என்று வரும். குளிர், வலி, கடும் மனப் பதற்றமும் அப்படியே. படுக்க வைக்க வசதி இல்லாத இடத்தில் 24 மணி நேரச் சிறுநீரில் பிரித்தளந்த மெட்டநெஃப்ரின் கேளுங்கள், கூடவே கிரியாட்டினினும் அளந்து சேகரிப்பு முழுமையா என்று பாருங்கள்.

மருந்துகளில் பெரிய குற்றவாளிகள் டிரைசைக்ளிக் மனச்சோர்வு மருந்துகள், வென்லாஃபாக்சின், ஃபீனாக்சிபென்சமின், லெவோடோபா, மூக்கடைப்பு மாத்திரைகள். பாராசிட்டமால் சில பழைய அளவீட்டு முறைகளில் மட்டும் குறுக்கே வரும். டாக்சாசோசின் குறுக்கிடாது. வரம்பைக் கொஞ்சம் தாண்டிய முடிவு வந்தால் முதலில் மருந்துப் பட்டியலையும் ரத்தம் எடுத்த விதத்தையும் பார்த்துவிட்டுத் திரும்ப எடுங்கள். மேல் வரம்பைப் போல் மூன்று மடங்கு, அதற்கும் மேல் என்றால் பொய்யாக இருப்பது அரிது.

அருள்

யாருக்கெல்லாம் மெட்டநெஃப்ரின்? எல்லோருக்குமா?

இன்பா

சீராக, 10-க்குக் கீழே எண் உள்ள முடிச்சுக்குத் தேவையில்லை. பியோகுரோமோசைட்டோமாவில் அந்த எண் வருவது மிக மிக அரிது. 10-ஐத் தாண்டினால் எல்லோருக்கும், பிபி இயல்பாக இருந்தாலும். தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்தால்தான் என்று காத்திருந்தால் தற்செயலாகக் கிடைத்த கட்டிகளில் பெரும்பாலானவை தப்பிவிடும்.

மற்ற ஹார்மோன் சோதனைகள்: எல்லோருக்கும் 1 மி.கி. டெக்சாமெத்தசோன் சோதனை; இந்த ஸ்டீராய்டு கொடுத்தால் கார்டிசால் சுரப்பு அடங்குகிறதா என்று பார்ப்பது. பிபி உயர்ந்திருந்தாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ அல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் (ரெனின் என்பது அல்டோஸ்டீரோனைத் தூண்டிவிடும் சிறுநீரக நொதி). படம் புற்றைக் காட்டினாலோ, பெண்ணுக்கு வேகமாக முகமுடி, குரல் தடிப்பு வந்தாலோ டி.ஹெச்.இ.ஏ. சல்ஃபேட், டெஸ்டோஸ்டீரோன், 17 ஹைட்ராக்ஸி புரொஜெஸ்டிரோன். இரண்டு பக்கமும் கட்டி என்றால் இந்தக் கடைசி ஒன்று பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சியைப் பிடிக்கும். கூடவே அட்ரினல் செயலிழந்துவிட்டதா என்றும் பாருங்கள், பரவிய புற்றும் காசநோயும் இரு பக்கத்தையும் அரித்துவிடும்.

யாழினி

டெக்சாமெத்தசோன் சோதனை: இரவு 11-லிருந்து 12-க்குள் 1 மி.கி. விழுங்கி, மறுநாள் காலை 8–9 மணிக்குக் கார்டிசால். 50 நானோமோல்/லிட்டர், அதாவது 1.8 மைக்ரோகிராம்/டெசிலிட்டர், அதற்குக் கீழே அடங்கினால் சுரப்பு இல்லை.

அடங்காததற்குக் கட்டியைத் தவிர நிறையக் காரணங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை கார்டிசாலைச் சுமக்கும் புரதத்தை ஏற்றும், 6 வாரம் நிறுத்த வேண்டும். ஃபெனிடோயின், கார்பமாசெபின், ரிஃபாம்பிசின் மூன்றும் டெக்சாமெத்தசோனை வேகமாக எரித்துவிடும். இரவுப் பணி, தூக்கமின்மை, மனச்சோர்வு, கூடுதல் மது. மாத்திரையையே மறந்திருக்கலாம். அதனால் அதே குழாயில் டெக்சாமெத்தசோன் அளவையும் அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். மருந்து உள்ளே போனதா என்ற சந்தேகம் அதோடு தீரும்.

அருள்

அடங்கவில்லை, 70 நானோமோல் என்று வருகிறது. ஆளைப் பார்த்தால் வட்ட முகமோ ஊதா வரிகளோ இல்லை. இது குஷிங்கா, அதாவது கார்டிசால் மிகுதியால் வரும் நோய்க்குறியா?

இன்பா

இல்லை. இதற்கு மிதமான தன்னிச்சைக் கார்டிசால் சுரப்பு என்று பெயர். இது குஷிங் நோய்க்குறியாக முற்றுவது அபூர்வம். ஆனால் சர்க்கரை, பிபி, எலும்புத் தேய்வு, ரத்தக் கொழுப்பு எல்லாவற்றையும் சத்தமில்லாமல் தள்ளிவிடும். வேறு ஒரு நாள் திரும்பச் செய்து உறுதிசெய்யுங்கள். காலை ஏ.சி.டி.ஹெச். (கார்டிசாலைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) அளவு 10 பிகோகிராம்/மில்லிக்குக் கீழே இருந்தால் மூலம் அட்ரினல்தான்.

எல்லோருக்கும் அறுவை என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரே பக்கக் கட்டி, வயது குறைவு, பல மருந்து போட்டும் பிபியோ சர்க்கரையோ பிடிபடவில்லை என்றால் எடுப்பது நல்லது. 80 வயதில் ஒரே ஒரு பிபி மாத்திரையில் ஓடுகிறவரை மேசைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. சர்க்கரை, பிபி, எலும்பு மூன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பாருங்கள். கதிர் சாரிடம் ஒரு வேண்டுகோள்: அதே சி.டி.யைப் பக்கவாட்டில் மறுகட்டமைத்து முதுகெலும்புக் கட்டைகள் நசுங்கியிருக்கின்றனவா என்று எழுதுங்கள். புதிதாக ஒரு ஸ்கேனும் தேவையில்லை, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

செந்தில் (அறுவை)

இங்கே எழுத வேண்டிய எச்சரிக்கை ஒன்று. இந்த மிதமான சுரப்பிலும் எதிர்ப்பக்க அட்ரினல் தூங்கிப் போயிருக்கும். கட்டியை எடுத்த அன்றிரவே நோயாளி வாந்தி, தளர்ச்சி, பிபி வீழ்ச்சி என்று சரிந்தால் முதலில் ரத்தக் கசிவைத் தேடுவோம். காரணம் கார்டிசால் இல்லாமை. அறுவைக்கு முன் டெக்சாமெத்தசோன் சோதனை செய்யாமல் அனுப்பும் ஒவ்வொரு கட்டியிலும் இந்த அபாயம் இருக்கிறது. தெரிந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கும்போதே ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. நரம்பு வழி, பிறகு 24 மணி நேரத்துக்கு 200 மி.கி. கொடுத்துவிடுவோம்.

பூங்குழலி

பொட்டாசியம் குறைந்த நோயாளிகளுக்கு ரெனின் எடுக்க அனுப்பினால், "மருந்தை நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று திருப்பிவிடுகிறார்கள். எந்த மருந்தை, எத்தனை நாள்?

யாழினி

முதலில் பொட்டாசியத்தை 4-க்குப் பக்கத்தில் ஏற்றுங்கள். குறைந்த பொட்டாசியமே அல்டோஸ்டீரோனை அமுக்கிவிடும், அப்போது நோய் இருந்தும் இல்லை என்று வரும். உப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லாதீர்கள். ஸ்பைரோனோலாக்டோனும் எப்லெரினோனும் 4–6 வாரம் நிறுத்தம். பீட்டா தடுப்பான்கள் ரெனினைக் குறைப்பதால் விகிதம் பொய்யாக ஏறும். பிரில், சார்ட்டான் வகை பிபி மாத்திரைகளும் நீர் மாத்திரைகளும் ரெனினை ஏற்றுவதால் பொய்யாக இறங்கும். அதனால் சார்ட்டான் போட்டுக்கொண்டிருந்தும் ரெனின் அமுங்கியே கிடந்தால் அது வலுவான சான்று, நிறுத்தவே வேண்டாம். மாற்று மருந்தாக வெராபமில், டாக்சாசோசின், ஹைட்ரலாசின் கொடுக்கலாம்.

ரத்தம் காலையில், எழுந்து இரண்டு மணி நேரம் நடமாடிய பின், 5–15 நிமிடம் உட்கார வைத்து எடுங்கள். ரெனின் குழாயைப் பனிக்கட்டியில் வைக்காதீர்கள். குளிரில் செயலற்ற ரெனின் விழித்துக்கொண்டு அளவு பொய்யாக ஏறும்.

அலகுக் குழப்பம் இன்னொரு பொறி. அல்டோஸ்டீரோன் 1 நானோகிராம்/டெசிலிட்டர் என்பது 27.7 பிகோமோல்/லிட்டர். ரெனினைச் சிலர் செயல்பாடாக அளப்பார்கள், சிலர் செறிவாக. விகிதத்தின் வரம்பு 30 என்று படித்தது நானோகிராமுக்கும் செயல்பாட்டுக்கும்தான். அலகைப் பார்க்காமல் அந்த 30-ஐ வேறு ஆய்வக ரிப்போர்ட்டில் ஒட்டினால் ஒன்று எல்லோருக்கும் நோய் இருக்கும், அல்லது ஒருவருக்கும் இருக்காது.

கதிர்வேல்

விகிதம் உயர்ந்தது, அல்டோஸ்டீரோன் அளவுக்கு மீறிச் சுரப்பதைச் சலைன் ஏற்றும் சோதனையும் உறுதிசெய்தது, சி.டி.யில் இடது பக்கம் 1.4 செ.மீ. முடிச்சு. உடனே இடதை எடுத்துவிடலாமா? கூடாது. அந்த முடிச்சு வேலையில்லாமல் சும்மா இருக்கலாம், சுரப்பது வலது பக்கமாகவோ இரண்டு பக்கமுமாகவோ இருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்வது அட்ரினல் சிரை மாதிரி எடுப்பு, அதாவது இரு பக்க அட்ரினல் சிரைகளுக்குள்ளும் குழாய் விட்டுத் தனித்தனியாக ரத்தம் எடுப்பது. 35 வயதுக்குக் கீழே, பொட்டாசியம் நன்றாகக் குறைந்து, ஒரு பக்கம் மட்டும் தெளிவான முடிச்சு என்றால் மட்டும் இதைத் தாண்டிப் போகலாம்.

இடது சிரை சிறுநீரகச் சிரையில் சேர்வதால் எளிது. வலது சிரை குட்டையானது, நேராகக் கீழ்ப் பெருஞ்சிரையில் திறக்கும், குழாய் நழுவிவிடும். பாதித் தோல்வி அங்கேதான்.

கணக்கைப் பாருங்கள், ஏ.சி.டி.ஹெச். தூண்டலோடு எடுத்தது. கைச் சிரையில் அல்டோஸ்டீரோன் 30, கார்டிசால் 25. வலதில் 300-ம் 600-ம். இடதில் 4000-ம் 500-ம். முதலில் குழாய் சரியான இடத்தில் இருந்ததா என்று பார்க்க வேண்டும்: வலது கார்டிசால் கையைவிட 24 மடங்கு, இடது 20 மடங்கு. 5 மடங்கு போதும், ஆகவே இரண்டும் சரி. பிறகு அல்டோஸ்டீரோனைக் கார்டிசாலால் வகுத்தால் வலது 0.5, இடது 8. வித்தியாசம் 16 மடங்கு. 4-க்கு மேல் என்றாலே ஒரு பக்கம். கையில் 1.2, வலதில் அதைவிடக் குறைவு, அதாவது வலது அமுங்கியிருக்கிறது. இடதை எடுக்கலாம்.

இன்பா

இதிலும் ஒரு கண்ணி. கட்டி அல்டோஸ்டீரோனோடு கார்டிசாலையும் சுரந்தால் வகுக்கும் எண்ணே கெட்டுப்போய், சுரக்கிற பக்கம் சாதாரணமாகத் தெரியும். சிரை மாதிரிக்கு அனுப்பும் முன்னால் டெக்சாமெத்தசோன் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பது இதனால்தான். கார்டிசாலும் சுரக்கிறது என்று தெரிந்தால் அதற்குப் பதில் பிளாஸ்மா மெட்டநெஃப்ரினை அளவுகோலாக வைக்கலாம்.

நோயாளியிடம் எதிர்பார்ப்பைச் சரியாகச் சொல்லுங்கள்: அறுவைக்குப் பின் பொட்டாசியம் அநேகமாக எல்லோருக்கும் சீராகும். மருந்தே வேண்டாம் என்ற அளவுக்கு பிபி இறங்குவது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்ற பலருக்கு மாத்திரை எண்ணிக்கை குறையும். அறுவை அன்றே ஸ்பைரோனோலாக்டோனையும் பொட்டாசியம் மாத்திரையையும் நிறுத்துங்கள். மறந்தால் பொட்டாசியம் எதிர்த்திசையில் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். இரு பக்கமும் சுரந்தால் அறுவை இல்லை, ஸ்பைரோனோலாக்டோன் 12.5–25 மி.கி.யில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும்.

மதிவதனி (மயக்கவியல்)

பியோகுரோமோசைட்டோமா நோயாளி என் மேசைக்கு வரும் முன் நடக்க வேண்டியதை எழுதுகிறேன். தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதலில் ஆல்ஃபா தடுப்பான். ஃபீனாக்சிபென்சமின் 10 மி.கி. இரு வேளை, அல்லது டாக்சாசோசின் 1–2 மி.கி. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டே போய் 7–14 நாள். இரண்டாவது மூன்றாவது நாளிலிருந்து உப்பும் நீரும் தாராளமாக; சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் விரியும்போது அதை நிரப்ப நீர் வேண்டும். நாடித்துடிப்பு ஏறினால் மட்டும், அதுவும் ஆல்ஃபா தொடங்கி மூன்று நான்கு நாள் கழித்துப் பீட்டா தடுப்பான்.

பீட்டாவை முதலில் கொடுத்தால் என்ன ஆகும்? ரத்தக் குழாயை விரிக்கும் பீட்டா வாசல் மூடிவிடும், சுருக்கும் ஆல்ஃபா வாசல் திறந்தே இருக்கும். பிபி வெடிக்கும், நுரையீரலில் நீர் கோக்கும். "படபடப்பு" என்று வந்தவருக்குப் புரோப்ரனலால் எழுதிக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். லேபடலாலும் தனியாக வேண்டாம், அதில் பீட்டா விளைவே ஓங்கியிருக்கிறது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், அதிக அளவு ஸ்டீராய்டு, குளுக்ககான் இவையும் நெருக்கடியைக் கிளப்பும்.

இலக்கு: உட்கார்ந்த நிலையில் 130/80-க்குக் கீழே, நின்ற நிலையில் மேல் எண் 90-க்கு மேல், உட்கார்ந்து நாடி 60–70, நின்றால் 70–80. மூக்கடைப்பு வந்தால் ஆல்ஃபா வேலை செய்கிறது என்று அடையாளம். நோயாளிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவராக மூக்கடைப்பு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

அறுவையின் நடுவே செந்தில் சார் கட்டியின் சிரையைக் கிளிப் போட்டதும் எல்லாம் தலைகீழ். அதுவரை 200-ல் ஆடிய பிபி சட்டென்று சரியும். நார்அட்ரினலினும் திரவமும் தயாராக இருக்க வேண்டும். அடுத்த 24–48 மணி நேரம் சர்க்கரையைத் தொடர்ந்து பாருங்கள், இன்சுலினை அமுக்கி வைத்திருந்த அட்ரினலின் போய்விட்டதால் சர்க்கரை தாழும்.

அருள்

மதி மேடம், நன்றி. இதை எடுத்த பிறகு "தீங்கற்றது" என்று ரிப்போர்ட் வந்தால் விட்டுவிடலாமா?

நெடுமாறன்

அப்படி ரிப்போர்ட் வரவே கூடாது. உலகச் சுகாதார அமைப்பின் 2017 வகைப்பாட்டிலிருந்து பியோகுரோமோசைட்டோமா எல்லாமே பரவும் தன்மை கொண்டவை என்றுதான் கொள்கிறோம். கண்ணாடி வில்லையைப் பார்த்து "இது பரவாது" என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அறுவைக்கு 2–6 வாரம் கழித்து மெட்டநெஃப்ரின், பிறகு வருடாவருடம், குறைந்தது 10 வருடம். மரபணு மாற்றம் இருந்தால் வாழ்நாள் முழுவதும்.

மூன்றில் ஒருவருக்கு மேல் பிறவியிலேயே மரபணு மாற்றம் இருக்கும், குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும். "பத்துக்கு ஒன்று பரம்பரை" என்ற பழைய பாடம் காலாவதியாகிவிட்டது. ஆர்.இ.டி., வி.ஹெச்.எல்., என்.எஃப்.1, எஸ்.டி.ஹெச். வகை மரபணுக்களை எல்லோருக்கும் பார்க்க வேண்டும். எஸ்.டி.ஹெச்.பி. மாற்றம் பரவும் அபாயத்தைக் கூட்டும். வெட்டிய கட்டியிலேயே எஸ்.டி.ஹெச்.பி. புரதச் சாயம் போட்டு, நிறம் ஏறவில்லை என்றால் மரபணுச் சோதனைக்கு முன்பே ஒரு துப்பு கிடைக்கும்.

செந்தில்

ஆர்.இ.டி., வி.ஹெச்.எல். என்றால் மறுபக்கமும் பின்னாளில் கட்டி வரலாம். அதனால் புறணியைக் கொஞ்சம் மிச்சம் வைத்து எடுக்கப் பார்ப்போம், வாழ்நாள் ஸ்டீராய்டைத் தவிர்க்க.

பொதுவாக 6 செ.மீ. வரை ஊடுருவல் அறிகுறி இல்லாத கட்டி என்றால் லேப்ராஸ்கோப்பி. மிஷேல் காஞ்யே 1992-இல் இதை வெளியிட்ட பிறகு திறந்த அறுவை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் புறணிப் புற்று என்ற சந்தேகம் வலுவாக இருந்தால் எனக்குத் திறந்த அறுவைதான். அந்தக் கட்டி பிசுபிசுவென்று நைந்திருக்கும், கருவியால் பிடித்தாலே உறை கிழியும். உறை கிழிந்தால் வயிற்றுக்குள் விதை தூவியது மாதிரி. முதல் அறுவையில் உறையோடு, சுற்றுக் கொழுப்போடு, ஒட்டிய உறுப்போடு முழுசாக எடுப்பதுதான் அந்த நோயாளிக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு. இதை அடிக்கடி செய்கிற இடத்துக்கு அனுப்புங்கள்.

இன்பா

புறணிப் புற்று அரிது, பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. வேகமாக வரும் குஷிங்கும் ஆண்மைக் குறிகளும் சேர்ந்தே தெரிந்தால் அதை முதலில் நினையுங்கள். மீண்டும் வரும் அபாயம் அதிகம் என்றால், குறிப்பாகக் கி-67 குறியீடு (செல்கள் பெருகும் வேகத்தின் அளவு) 10 சதவீதத்தைத் தாண்டினால், மைட்டோடேன். ரத்தத்தில் 14-லிருந்து 20 மி.கி./லிட்டர் வர வேண்டும், அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகலாம். 20-ஐத் தாண்டினால் தள்ளாட்டம், குழப்பம், பேச்சுத் தடுமாற்றம். மைட்டோடேன் அட்ரினலையே அழிக்கும், கூடவே ஈரலில் ஹைட்ரோகார்டிசோனை வேகமாக எரிக்கவும் வைக்கும். அதனால் வழக்கமான மாற்று அளவு போதாது, இரண்டு மடங்காவது வேண்டும். மைட்டோடேன் போடுகிறவர் சோர்ந்து படுத்தால் புற்று முற்றியது என்று முடிவுகட்டும் முன் ஸ்டீராய்டைக் கூட்டிப் பாருங்கள். வார்ஃபரின், கருத்தடை மாத்திரை இரண்டின் வேலையையும் இது கெடுக்கும்.

பூங்குழலி

டாக்டர், குழந்தைக்கு அட்ரினல் கட்டி என்றால் இதே வரிசையா?

இன்பா

இல்லை. 5 வயதுக்குள் முதலில் நினைக்க வேண்டியது நியூரோபிளாஸ்டோமா (முதிராத நரம்புச் செல்களில் எழும் புற்று), அந்தச் செல்களின் சிதைவுப் பொருள்களான ஹெச்.வி.ஏ.வையும் வி.எம்.ஏ.வையும் சிறுநீரில் பார்ப்பார்கள். வயதுக்கு முன்பே பூப்பு முடி, வேகமான வளர்ச்சி என்றால் புறணிக் கட்டி. குழந்தைகளில் டி.பி.53 மரபணுவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான "10-க்குக் கீழே விட்டுவிடலாம்" கணக்கை அங்கே நீட்டாதீர்கள். 40 வயதுக்கு உட்பட்டவர்கள், கர்ப்பிணிகள் இவர்களுக்கும் காத்திருந்து பார்ப்பதை விட வேகமாக முடிவெடுக்க வேண்டும்.

பூங்குழலி

கார்டிசால் கட்டி எடுத்து வீட்டுக்குப் போகிறவருக்கு என்ன எழுதிக் கொடுப்பது? "மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்பதைத் தவிர.

இன்பா

ஹைட்ரோகார்டிசோன் பெரும்பாலும் நாளுக்கு 15–25 மி.கி., இரண்டு மூன்று வேளையாக, பெரிய பங்கு காலை எழுந்ததும். கடைசி வேளை மாலைக்கு மேல் தள்ள வேண்டாம், தூக்கம் கெடும். மறுபக்க அட்ரினல் விழிக்க ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். இடையில் மூட்டு வலி, பசியின்மை, அசதி, மனம் சோர்தல் வரும். அளவு போதுமானதாக இருந்தும் வரும்; பழைய உயர்ந்த கார்டிசாலுக்குப் பழகிய உடல் இறங்கும் வேதனை அது. வீட்டாருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அறுவை தோற்றது என்று நினைப்பார்கள்.

காய்ச்சல் வந்தால் அன்றே அளவை இரட்டிப்பாக்க வேண்டும், தணிந்த பின் ஒன்றிரண்டு நாள் வரை. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்கக் கூடாது: ஹைட்ரோகார்டிசோன் 100 மி.கி. தசையில் ஊசி போட்டுவிட்டு நேராக அவசரப் பிரிவு. ஊசி போடும் முறையை வீட்டில் ஒருவருக்காவது காட்டி அனுப்புங்கள். "ஸ்டீராய்டு சார்ந்தவர்" என்று எழுதிய அட்டை எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும்.

நிறுத்தலாமா என்று பார்க்க: முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு மாத்திரையை விட்டு, காலை 8 மணிக்கு, அன்றைய மாத்திரைக்கு முன் கார்டிசால். 3 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இன்னும் தூக்கம்தான், மூன்று மாதம் கழித்துப் பாருங்கள். 10-ஐத் தாண்டினால் நிறுத்தலாம். எண் இந்த இரண்டுக்கும் இடையில் நின்றால் ஏ.சி.டி.ஹெச். தூண்டல் சோதனை.